அதே முகம், அதே சட்டை: படத் தொடர்ச்சியின் கதை



பரிசளிப்பு விழா மலரில் வரலாற்றுக் கட்டுரை என்றதும் கப்பலேறி வந்த காலம், கங்காணி காலம், கரும்புத் தோட்டக் காலம் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இம்முறை கொஞ்சம் வேறு பக்கம் போவோம். படம் பிடித்த வரலாற்றைப் பார்ப்போம். அதற்குக் காரணம் உண்டு.

எழுதிக் கொடுத்தால் படம் எடுத்துத் தரும் இயந்திரம் இப்போது பிள்ளைகளின் கைக்கு வந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவு என்று பாடத்தில் சொல்கிறோம். பிள்ளைகள் ஏஐ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். "விடியற்காலையில் பால்மரம் வெட்டும் பாட்டி" என்று எழுதினால் சற்று நேரத்தில் பாட்டி அசைகிறார், நடக்கிறார், மரத்தடியில் குனிகிறார். பார்க்கப் பிரமிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த காட்சியைக் கேட்டுப் பாருங்கள். முதல் காட்சியில் மூக்குத்தி இருந்தது, இரண்டாவதில் இல்லை. முதலில் நீலக் கைலி, பிறகு சிவப்புச் சேலை. மூன்றாவது காட்சியில் பாட்டிக்குப் பத்து வயது குறைந்துவிடும். நாலாவதில் அவர் நம்ம பாட்டியே இல்லை, யாரோ ஒரு அம்மா!

இதைக் கண்டு சிரிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் தொல்லை ஏஐ கொண்டு வந்ததன்று. படக்கலை தோன்றிய நாளிலிருந்தே உள்ள தொல்லை. ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் ஆள் மாறாமல், உடை மாறாமல், வெளிச்சம் மாறாமல் பார்த்துக்கொள்வதற்குப் படத்துறையில் 'தொடர்ச்சி' என்று பெயர். கோடம்பாக்கத்தில் இதைக் 'கண்டினியூட்டி' என்றே சொல்லுவாங்க. பெரும்பாலும் ஓர் உதவி இயக்குநர் கையில் நோட்டுப் புத்தகத்தோடு நின்று இந்த வேலையைப் பார்ப்பார்.

ஏன் இப்படி ஒரு வேலை? நாம் படத்தைப் பார்க்கும் வரிசையில் படத்தை யாரும் எடுப்பதில்லை. அரண்மனை செட் போட்டால், கதையின் தொடக்கத்தில் வரும் அரண்மனைக் காட்சியையும் முடிவில் வரும் அரண்மனைக் காட்சியையும் ஒரே வாரத்தில் எடுத்து முடித்துவிட்டு, செட்டைப் பிரித்துவிடுவார்கள். வாடகையும் கூலியும் மிச்சமாக வேண்டுமே! காலையில் கதாநாயகனுக்கு நெற்றியில் காயம், மாலையில் அவனுக்குக் கல்யாணம். காயம் இடது புருவத்தின் மேலா, வலது புருவத்தின் மேலா? வாசலுக்கு வெளியே நடந்த காட்சியை மூன்று மாதம் கழித்து எடுக்கும்போது சட்டையின் மேல் பொத்தான் போட்டிருந்ததா, திறந்திருந்ததா? இதையெல்லாம் ஒருவர் எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதாவிட்டால், கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பையன்கூடக் கண்டுபிடித்துக் கூவிவிடுவான்.

தமிழ் பேசும் படத்தின் வரலாறு 1931இல் 'காளிதாஸ்' படத்தோடு தொடங்குகிறது. அந்தப் படத்தில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலித்தன. ஒரே கதைக்குள் மொழியே ஒரே மாதிரி இல்லை. ஆனாலும் ஜனங்கள் பார்த்தார்கள். படம் பேசியதே அதிசயமாக இருந்த காலம் அது.

அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1935இல் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் இந்தியாவுக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. 1936இல் 'சதிலீலாவதி' எடுத்தார்; எம்.ஜி.ஆர். முதன்முதலில் நடித்த படம் அதுதான். 1937இல் தியாகராஜ பாகவதரை வைத்து 'அம்பிகாபதி', 1945இல் எம்.எஸ். சுப்புலட்சுமியை வைத்து 'மீரா'. பாகவதர் பாட்டைக் கேட்டு உருகிய நம் பாட்டன்மார்களுக்கு, அதை இயக்கியவர் தமிழ் தெரியாத வெள்ளைக்காரர் என்பது எத்தனை பேருக்குத் தெரிந்திருக்குமோ! மொழி தெரியாத ஒருவர் எப்படித் தமிழ்ப் படம் எடுத்தார்? கதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைத்துக்கொண்டார். தமிழ் தெரிந்த உதவியாளர்களைப் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டார். வசனம் சரியா, உச்சரிப்பு சரியா, அந்த ஊர் வழக்கம் சரியா என்பதை அவர்கள்தான் பார்த்தாக வேண்டும். வேலைக்காரன் கெட்டிக்காரனாக இருக்கலாம், ஆனால் விஷயம் தெரிந்தவன் பக்கத்தில் இருக்க வேண்டும். இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அப்புறம் வந்தது இரட்டை வேடம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி.ஆர். சுந்தரம் 1940இல் எடுத்த 'உத்தமபுத்திரன்' படத்தில் பி.யு. சின்னப்பா இரண்டு பேராக வந்தார். மாணவர்களே, இப்படி ஒரே ஆளை ஒரே காட்சியில் இருவராகக் காட்டுவதற்கு அந்தக் காலத்தில் கையாண்ட வழியைக் கேளுங்கள். கேமராவை இம்மியும் அசையாதபடி நிறுத்துவார்கள். கண்ணாடியின் பாதியைக் கறுப்பாக மறைத்துவிட்டு, நடிகரை இடது பக்கம் நடிக்க வைத்துப் படம் எடுப்பார்கள். பிறகு அதே பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறைத்த பாதியைத் திறந்து, திறந்திருந்த பாதியை மூடி, வேறு உடையில் வலது பக்கம் நடிக்க வைப்பார்கள். கேமரா நூலளவு நகர்ந்தாலும் நடுவே கோடு விழும். முதல் ஆள் எந்த உயரத்தில் பார்த்துப் பேசினாரோ, அந்த உயரத்தில் இரண்டாவது ஆளின் கண் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அண்ணன் பேசுவான், தம்பி கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பான்!

தொடர்ச்சியைப் பற்றிப் பேசினால் 'நாடோடி மன்னன்' படத்தை விட்டுவிட்டுப் போக முடியாது. 1958இல் எம்.ஜி.ஆர். தாமே தயாரித்து, தாமே முதன்முதலாக இயக்கிய படம். அதிலும் அவருக்கு இரட்டை வேடம், வீராங்கன் ஒருவன், மார்த்தாண்டன் ஒருவன். படம் பாதி வளர்ந்த நிலையில் கதாநாயகி பி. பானுமதிக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு ஏற்பட்டு, பானுமதி விலகிக்கொண்டார். எடுத்த காட்சிகளையெல்லாம் குப்பையில் போட முடியுமா? கைப்பணம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. வேறொரு நடிகையை அதே பாத்திரத்தில் நிறுத்தினால் ரசிகன் ஒப்புக்கொள்வானா? எம்.ஜி.ஆர். கதையையே திருப்பினார். பானுமதியின் பாத்திரம் கதையின் நடுவே இறந்துபோகிறது. பிறகு பி. சரோஜாதேவி புதிய பாத்திரமாக வருகிறார். படத்தின் முற்பகுதி கறுப்பு வெள்ளை, பிற்பகுதி வண்ணம். தொடர்ச்சி அறுந்த இடத்தை மறைக்காமல், அதையே கதையாக்கிவிட்ட சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது! இன்று பார்த்தாலும் அந்த ஒட்டு உறுத்துவதில்லை.

ஒட்ட முடியாத ஒட்டும் உண்டு. 1967 ஜனவரியில் எம்.ஆர். ராதா சுட்டதில் எம்.ஜி.ஆரின் தொண்டையில் குண்டு பாய்ந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் குரல் மாறிவிட்டது. வேறொருவரைக் கொண்டு குரல் கொடுக்க வைக்கலாம் என்ற வழி இருந்தும் தம் சொந்தக் குரலிலேயே பேசினார். அவ்வாண்டே வெளிவந்த 'காவல்காரன்' படத்தில் அந்த மாற்றத்தைக் காதால் கேட்கலாம். தொடர்ச்சி கெட்டதுதான். ஆனால் ஜனங்களுக்கு அது குறையாகப் படவில்லை. நம்ம ஆள் பேசுகிறார், அது போதும் என்று இருந்துவிட்டார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்கள் நடத்திய படப்பிடிப்பு நிலையத்தில் மலாய்ப் படங்களை இயக்கியவர்களில் பலர் இந்தியர்கள். பி.எஸ். ராஜ்ஹான்ஸ், எல். கிருஷ்ணன், எஸ். இராமநாதன், பணி மஜும்தார் என்று பெயர்களை அடுக்கலாம். பினாங்கு ஜார்ஜ் டவுனில் 1929இல் பிறந்த பி. ரம்லியை 1948இல் 'சிந்தா' படத்தில் திரைக்குக் கொண்டு வந்தவர் ராஜ்ஹான்ஸ். 1950இல் 'பக்தி' படத்தில் அவரைக் கதாநாயகனாக்கியவர் சென்னையிலிருந்து வந்த கிருஷ்ணன். டங்கனுக்குத் தமிழ் எப்படியோ, இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர்கள் பலருக்கு மலாய் அப்படி. மலாய் அறிந்த உதவியாளர்கள் துணை நின்றார்கள். நடித்துக்கொண்டே வேலை பழகிய ரம்லி, 1955இல் 'பெனாரேக் பேச்சா' படத்தைத் தாமே இயக்கினார். ரிக்‌ஷாக்காரனின் வாழ்க்கையைச் சொல்லும் அந்தப் படத்தின் பேச்சும் நடையும் இந்த மண்ணுடையவை. ஊர் தெரிந்தவன் இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்ததன் பலன் அது என்பது என் கருத்து.

தோட்டத்து ஜனங்களுக்கு இந்தப் படங்களெல்லாம் திடலில் வந்து சேர்ந்தன. தகவல் இலாகாவின் படவண்டி வரும், அல்லது கோயில் திருவிழாவுக்குப் படம் போடுவார்கள். இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணியைக் கட்டினால் அதுதான் கொட்டகை. பிலிம் அறுந்தால் ஒட்டி ஓட்டுவார்கள், ஒட்டிய இடத்தில் காட்சி குதிக்கும். ரீல் மாறிப் போனால் செத்தவன் எழுந்து வந்து பாட்டுப் பாடுவான் என்று பெரியவர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பாங்க. படத்தில் எது ஒட்டு, எது அசல் என்று நம் ஜனங்கள் கண்ணைப் பழக்கிக்கொண்டது அந்தத் திடலில்தான்.

இனி ஏஐ. 2024 பிப்ரவரியில் ஓப்பன்ஏஐ நிறுவனம் 'சோரா' என்ற கருவியைக் காட்டியது. எழுத்திலிருந்து ஒரு நிமிடம் வரை ஓடும் படம் வந்தபோது உலகமே வாய் பிளந்தது. இந்த வகைக் கருவிகள் வேலை செய்யும் முறையை எளிமையாகச் சொல்கிறேன். அலைவரிசை கிடைக்காத தொலைக்காட்சியில் பொரிப் பொரியாகத் தெரியுமே, அதுபோன்ற புள்ளிக் குவியலிலிருந்து இயந்திரம் தொடங்குகிறது. நாம் எழுதிய சொற்களுக்கு ஏற்ப அதைச் சிறிது சிறிதாகச் சுத்தம் செய்து படமாக்குகிறது. அடுத்த காட்சிக்கு மறுபடியும் புதிய புள்ளிக் குவியல். போன காட்சியில் பாட்டிக்கு மூக்குத்தி இருந்ததை அது ஞாபகம் வைத்திருப்பதில்லை. நோட்டுப் புத்தகம் இல்லாத உதவி இயக்குநர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்த நோட்டுப் புத்தகத்தைக் கொடுக்கும் முயற்சி பிறகு வந்தது. 2025 மார்ச்சில் நியூயார்க்கின் ரன்வே நிறுவனம் வெளியிட்ட 'ஜென்-4' கருவி, ஓர் ஆளின் ஒரே ஒரு படத்தை மாதிரியாகக் கொடுத்தால் அந்த ஆளையே பல காட்சிகளில், பல வெளிச்சத்தில் காட்டும் என்று அறிவித்தது. இதனால் வேலை செய்யும் முறையே மாறியது. முதலில் பாட்டியின் முகத்தை முன்புறம், பக்கவாட்டு, முழு உருவம் எனப் படங்களாகத் தயார் செய்துகொள்ள வேண்டும். எந்தக் காட்சி கேட்டாலும் அந்தப் படங்களைச் சேர்த்தே கொடுக்க வேண்டும். உடையை ஒரு முறை எப்படி எழுதினோமோ அதே சொற்களில்தான் எப்போதும் எழுத வேண்டும். ஒரு தடவை 'நீலக் கைலி', மறு தடவை 'பழைய துணி' என்று எழுதினால் இயந்திரம் தன் இஷ்டத்துக்கு உடுத்திவிடும். காட்சிகளைச் சில விநாடிகளுக்கு மேல் நீட்டாமல் கேட்பதும், ஒரு காட்சியின் கடைசிப் படத்தை அடுத்த காட்சிக்கு முதல் படமாகக் கொடுப்பதும் நல்ல வழிகள். பாட்டி இடமிருந்து வலமாக நடந்தால் அடுத்த காட்சியிலும் அப்படியே நடக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்குத் திரும்புகிறார் என்று பார்ப்பவர் நினைப்பார். இவை எதுவும் புதிதில்லை. கோடம்பாக்கத்து உதவி இயக்குநர் எழுதிய அதே நோட்டுதான்.

தமிழ்த் திரையுலகம் இந்த இயந்திரத்தைக் கையில் எடுக்கத் தாமதிக்கவில்லை. 2024இல் 'லால் சலாம்' படப் பாடலுக்காக மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ.ஆர். ரஹ்மான் ஏஐ மூலம் உருவாக்கினார். குடும்பத்தாரின் அனுமதி பெற்று, ஊதியமும் கொடுத்ததாக அவர் அறிவித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 'தி கோட்' படத்தில், 2023 டிசம்பரில் மறைந்த விஜயகாந்தின் உருவம் தோன்றியது. அதற்கும் குடும்பத்தின் சம்மதம் கேட்கப்பட்டது. மறைந்த பவதாரிணியின் குரலும் அப்படத்தின் பாட்டில் ஒலித்தது. இவற்றை ரசித்தவர்களும் உண்டு, மனம் ஒப்பாதவர்களும் உண்டு. கேட்டுவிட்டுச் செய்தார்கள் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கேட்காமல் செய்தால்? டங்கனின் 'அம்பிகாபதி' பெயரிலேயே 2013இல் தனுஷ் நடித்த இந்திப் படமான 'ராஞ்சனா' தமிழில் வெளிவந்தது நினைவிருக்கலாம். அதில் கதாநாயகன் இறந்துபோகிறான். 2025 ஆகஸ்ட் 1ஆம் தேதி அந்தத் தமிழ்ப் படத்தை மறுபடி திரையிட்ட ஈராஸ் நிறுவனம், ஏஐ கொண்டு முடிவை மாற்றி அவனைப் பிழைக்க வைத்தது. இயக்குநர் ஆனந்த் எல். ராய் எதிர்த்தார், தனுஷும் எதிர்த்தார். படத்தின் உரிமை நிறுவனத்திடம் இருந்தது, ஆகவே படம் ஓடியது. இங்கே கவனியுங்கள், முகம் அதே முகம்! அறுந்த பிலிமை ஒட்டினால் காட்சி குதித்துக் காட்டிக் கொடுத்துவிடும். இந்த ஒட்டு அப்படிக் குதிப்பதில்லை. பழைய முடிவை அறியாத பிள்ளை இதையே அசல் என்று எண்ணிக்கொள்ளும்.

பெற்றோர்களே, தோட்டத்து உழைப்பாளிகளே, இந்த இடத்தில்தான் விஷயம் நம் வீட்டு வாசலுக்கு வருகிறது. ஆறுகள் சூழ்ந்த பத்து காவான் எத்தனை மாறிவிட்டது! கரும்பு இருந்தது, ரப்பர் இருந்தது, செம்பனை இருந்தது. 2000இல் விளையாட்டரங்கம் வந்தது, 2014 மார்ச் 1ஆம் தேதி இரண்டாவது பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது, தொழிற்சாலைகள் வரிசையாக எழும்பின. பழைய தோட்டத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட நம்மிடம் படங்கள் குறைவு. தோட்டத்துப் பெண்ணை மரத்தடியில் நிறுத்திப் படம் பிடித்தவர்கள் எத்தனை பேர்? ஆகையால் பிள்ளைகள் ஏஐயிடம் கேட்கத்தான் செய்வார்கள். கேட்பது தவறில்லை. தீபக் குமாரன் மேனன் 2005இல் எடுத்த 'செம்மண் சாலை' 1960களின் தோட்ட வாழ்வைத் திரையில் எழுப்பியதே. ஆனால் அங்கே மனிதர்கள் கேட்டு, பார்த்து, எடுத்தார்கள். இயந்திரத்துக்கு யாரைக் கேட்பது என்று தெரியாது.

பாட்டியின் முகம் மாறிக்கொண்டிருந்த வரைக்கும் நமக்குப் பயமில்லை. "இது பொய்ப்படம்" என்று குழந்தையும் சொல்லிவிடும். இப்போது பத்துக் காட்சியிலும் ஒரே பாட்டி, ஒரே மூக்குத்தி, ஒரே கைலி. பார்க்கிறவன் நம்பிவிடுவான். அந்தப் பாட்டி மரத்தை எப்படி வெட்டுகிறார்? வெட்டுக்கோடு இடது பக்கம் உயர்ந்து வலது பக்கம் சரிய வேண்டும். இயந்திரம் மட்டமாகப் போட்டிருக்கலாம், மேலிருந்து கீழாகவும் கிழித்திருக்கலாம். மங்கு கோட்டின் தாழ்ந்த முனைக்குக் கீழே இருக்க வேண்டும். உச்சி வெயிலில் பால் நன்றாக வடியாது என்பதால் விடியுமுன் நெற்றி விளக்கோடு போனவர்கள் நாம். இயந்திரமோ பளீரென்ற வெயிலில் பட்டுச் சேலையோடு நிறுத்தினாலும் நிறுத்தும். தொடுவானத்தில் பாலம் தெரிந்தால், 1960ஆம் ஆண்டுக் காட்சி என்று எழுதிப் போட்டுப் பயனில்லை. இந்தத் தப்புகளை நான் கண்டுபிடிக்க முடியாது, பயிற்சிக் கல்லூரியில் பால்மரம் வெட்டச் சொல்லித் தரவில்லை. காண்டா தூக்கித் தோள் காய்த்தவர்களால்தான் முடியும். டங்கன் பக்கத்தில் தமிழ் தெரிந்தவர்கள் நின்றார்களே, பிள்ளைகள் பக்கத்தில் நீங்கள் அப்படி நிற்க வேண்டியிருக்கிறது.

மாணவர்களுக்கு வேலை ஒன்று. கைப்பேசியைத் திறக்குமுன் நாற்பது பக்க நோட்டு ஒன்று எடுங்கள். முதல் பக்கத்தில் பாட்டியின் உடை: தலைத்துணி, முழுக்கைச் சட்டை, கைலி, காலில் என்ன. இரண்டாம் பக்கத்தில் கத்தி, மங்கு, வாளி. மூன்றாவதில் வெளிச்சம், எத்தனை மணிக்குப் பெரட்டு, எத்தனை மணிக்குப் பால் எடுத்தார்கள். அடுத்த பக்கத்தில் லயத்து வீடு: அடுப்பு எந்த மூலை, கதவு எந்தப் பக்கம் திறந்தது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதைச் சொன்னவர் பெயரை எழுதுங்கள், அவரிடம் சம்மதமும் கேளுங்கள். உங்கள் சொந்தப் பாட்டியின் முகத்தைக் கொடுப்பதாக இருந்தால், அவரிடம் முதலில் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். படம் முடிந்ததும் தலைப்பிலேயே 'ஏஐ கொண்டு செய்தது' என்று பெரிதாக எழுதிவிடுங்கள்.

சென்ற மாதம் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் தொடங்கிய நோட்டில் சில வரிகள் இன்னும் காலி. பெரட்டுக்கு அடித்தது வெண்கல மணியா, தொங்கவிட்ட தண்டவாளத் துண்டா? ஒருவர் மணி என்கிறார், இன்னொருவர் தண்டவாளம் என்று அடித்துச் சொல்கிறார். பால் நிறுக்கும் இடத்தில் பெண்கள் வரிசை தனியா, ஆண்களோடு சேர்ந்தா? மழை நாளில் தலைக்கு என்ன போட்டுக்கொண்டார்கள்? விழா முடிந்து உணவுக்குப் போகும் வழியில் ஆசிரியர் அறை மேசைமேல் அந்த நோட்டு திறந்து கிடக்கும். பேனாவும் பக்கத்தில் இருக்கும்.